நாலாவது நிபந்தனை

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் அவரைக் கடதாசியக்கா என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, தேயிலைத் தோட்டத்திலிருந்து யார் வந்து சமைக்கக் கூப்பிட்டாலும், என்றைக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்பதற்கு முன்னாலேயே, "வாங்க, கடதாசி எழுதிருவோம்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது.

கிளம்பி வருகிற இடம் எங்கள் ஆபீஸ். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே ஒரு புரக்டர் ஐயாவிடம் கிளாக்கராக இருந்தேன். ஐயா கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவர். இங்கிலீசில் எழுதவேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார், தமிழில் எழுதுவது என் வேலை. அக்கா முதல் தடவை வந்தபோது ஐயா சிரித்துவிட்டார்.

"சோத்துக்கா அக்ரிமெண்டு?"

"சோத்துக்குத்தாங்க மனுசன் ரொம்பச் சண்ட போடுறான்" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஐயா அந்த வேலையை என் பக்கம் தள்ளிவிட்டார். சமையல் கொந்தராத்துக் கடதாசி எத்தனையோ எழுதியிருப்பேன். இன்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னாலும் சொல்வேன். ஒன்று, எத்தனை இலைக்குச் சமையல் என்பது. அதற்கு மேல் ஆள் வந்தால் சமையல்காரர் பொறுப்பல்ல. இரண்டு, காய்ந்த விறகும் தண்ணீரும் வீட்டுக்காரர் தரவேண்டும். மூன்று, மழையில் லொறி ஏறாமல் நின்றுபோனால் சாமான்களைத் தூக்க ஆள் அனுப்ப வேண்டும். நாலு, பாத்திரங்களை வீட்டுக்காரரே தருவதானால் அவற்றால் நேரும் குற்றங்குறைகளுக்கு வீட்டுக்காரரே பொறுப்பாளி. ஐந்து, ஆட்டையும் மீனையும் வாங்கி வருகிறவர் யாரோ, அதன் நல்லது கெட்டதும் அவரைச் சேரும். ஆறாவது கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வது என்பது. அதை எழுதும்போது பெண்ணைப் பெற்றவர்களின் முகம் கறுத்துவிடும். "நல்ல காரியம் பேசுறப்ப இத ஏங்க எழுதணும்?" என்பார்கள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். விட்டுக்கொடுக்க மாட்டார்.

உயரமான பெண்பிள்ளை. சேலைக்கு மேல் ஆம்பிளைக் கோட்டு ஒன்றைப் போட்டிருப்பார். கறுப்புக் கோட்டு, முழங்கைகளில் வேறு துணி வைத்துத் தைத்தது. செத்துப்போன புருசனுடையது. நான் எழுதி முடித்ததும் வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "வாசிங்க தம்பி" என்பார். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு விரலை மடக்குவார். எல்லாம் மடங்கினால்தான் பெருவிரலை மையில் வைப்பார். கார்பன் வைத்து எழுதிய இரண்டாவது பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுக்கும்போது, "இது ஒங்களுக்கும் காவலு அண்ணே, எனக்கு மட்டும்னு நெனைக்காதீங்க" என்பார்.

ஒருமுறை நான் அவரிடம் கேட்டேன், இவ்வளவு கெடுபிடி எதற்கென்று.

"வாய்ல சொன்னது வெத்தல மாதிரி தம்பி. மென்னு துப்பிருவாங்க. கடதாசி பெட்டியில கெடக்கும்."

இதனால் டவுனில் அவருக்குக் கெட்ட பேர்தான் அதிகம். எழவு வீட்டுக்குக்கூடக் கடதாசி கேட்கிறாள் என்று காறித் துப்பியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர் கைச் சமையலுக்கு ஈடு கிடையாது. அதனால் திட்டிக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு பெரிய கங்காணி வீட்டுக் கல்யாணம், நானும் போயிருந்தேன். கங்காணி என்றால் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிறவர், துரைக்கு அடுத்தபடி அவர் வைத்ததுதான் சட்டம். முந்நூறு இலைக்கு எழுதியிருந்தது. வந்த ஆட்கள் ஐந்நூறுக்குக் குறையாது. மூன்றாவது பந்தியில் சோறு தீர்ந்தது. கங்காணியின் ஆட்கள் சமையல் பந்தலுக்கு வந்து கத்த ஆரம்பித்தார்கள். அக்கா ஒரு பானையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கோட்டுக்குள்ளிருந்து கடதாசியை எடுத்து, மாப்பிள்ளை வீட்டோடு வந்திருந்த ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டு, "சத்தமா வாசிங்கய்யா" என்றார். அவர் வாசித்தார். பந்தல் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. கங்காணி வந்து, "இப்ப என்னா செய்யச் சொல்ற?" என்றார்.

"முந்நூறுன்னு சொன்னது நீங்க. தப்பு ஒங்க பக்கம்னு ஒத்துக்கிட்டா போதும்."

எல்லார் முன்னாலும் கங்காணி, "சரி, எந் தப்புதான்" என்றார். உடனே அக்கா எழுந்து, லொறியில் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்த அரிசி மூட்டையை இறக்கச் சொன்னார். இப்படி ஆகும் என்று அவருக்கு முன்பே தெரியும், தன் கைக்காசில் வாங்கிக் கொண்டுவந்திருந்தார். அந்த அரிசிக்கு அவர் எதுவும் வாங்கவில்லை. "கடதாசி வேற, பசி வேற" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. ஒரு மனுசனைத் தலைகுனிய வைத்துவிட்டுத்தானே சோறு போட்டார் என்று தோன்றியது.

அவர் புருசனைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். வெளியே விடாத மழை. ஐயா கோர்ட்டுக்குப் போயிருந்தார். புருசனும் சமையல்காரர். ஒரு தோட்டத்து விருந்துக்குச் சமைக்கப் போனார். விருந்து வைத்தவர் வாங்கிவந்த இறைச்சி கெட்டுப்போயிருந்தது. சாப்பிட்டவர்களுக்கு வயிற்றோட்டம். விருந்து வைத்தவர் பெரிய இடம், அதனால் பழி சமையல்காரர் தலையில் விழுந்தது. "இறைச்சி நான் வாங்கல" என்று அவர் சொன்னதை எழுதிக்கொள்ளக்கூட ஆளில்லை. ஆறு மாதம் மறியல், அதாவது ஜெயில். இருமலோடு வெளியே வந்தவர், அடுத்த குளிருக்குத் தாங்கவில்லை.

"ஒரு துண்டுக் கடதாசி இருந்திருந்தா எம் புருசன் உசுரோட இருந்திருப்பாரு தம்பி" என்றார். சொல்லிவிட்டுக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் மாரிமுத்து வந்தார்.

வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். மாரிமுத்து அங்கே தேயிலைப் பக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். மூத்த மகளுக்குக் கல்யாணம். கைகளில் சூட்டுத் தழும்பு, பேசும்போது நிமிர்ந்து பார்க்காத மனுசர். பாத்திர வாடகையை மிச்சப்படுத்தத் தோட்டத்துக் கோயில் அண்டாக்களை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "சரி, அப்ப நாலாவது ஒங்களுக்கு வரும்" என்றார் அக்கா.

நான் வாசித்துக் காட்டினேன். மாரிமுத்து என்னைப் பார்த்து, "பாத்திரத்துல என்னாங்கய்யா குத்தம் வரப்போவுது?" என்றார்.

"அது எல்லாருக்கும் எழுதுறதுதாங்க. வழக்கமா வர்றது" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெருவிரலை வைத்தார். போகும்போது, "எழுதினவரு நீங்களும் கல்யாணத்துக்கு வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

காலைக் கோச்சியில் போய் வட்டவளை ஸ்டேசனில் இறங்கி நடந்தேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் மூங்கில் நட்டுத் தகரம் போட்ட சமையல் பந்தல். மூடுபனி இன்னும் முழுக்கக் கலையவில்லை. வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த ஈரவிறகை அக்கா திருப்பி அனுப்பிக் காய்ந்தது வாங்கி வருவதற்குள் நேரம் போய்விட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மேட்டில் வந்துவிட்டார்கள், தப்பு மேளச் சத்தம் கேட்டது.

அக்கா பெரிய பித்தளை அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே பூசிய ஈயம் பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. வெள்ளைக்கு நடுவே பித்தளை திட்டுத் திட்டாகத் தெரிந்தது, ஓரிடத்தில் பச்சை பிடித்த கறை இருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஈயம் போன பித்தளையில் புளி ஊற்றக்கூடாது என்று சமைக்காத எனக்கே தெரியும். அது சாம்பாருக்கான அண்டா.

அக்கா நிமிர்ந்து மாரிமுத்துவைத் தேடினார். அவர் கொஞ்ச தூரத்தில், புது வேட்டியோடு, சம்பந்தியைக் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். வேறு அண்டா வேண்டுமென்றால் டவுனுக்கு ஆள் போகவேண்டும், சாப்பாடு சாயங்காலம் ஆகும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போகும். அவ்வளவையும் அக்கா ஒரு நிமிடத்தில் யோசித்திருப்பார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாலாவது எழுதியிருக்குல்ல?"

"எழுதியிருக்குங்க்கா."

அவர் தன் ஆட்களைப் பார்த்து, "மூட்டுங்க அடுப்ப" என்றார்.

முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, பெரியவர்கள் சாப்பிட்டு, கடைசியாக லயத்துப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். அதற்குள் சாம்பார் அந்த அண்டாவிலேயே வெகுநேரம் கிடந்துவிட்டது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. பிறகு இன்னொன்று. பிறகு பெண்கள். பந்தலுக்கு வெளியே தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாகக் குனிந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்து மருந்துக்காரர் ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்கு லொறி பிடித்தார்கள். மாலையைக்கூடக் கழற்றாத மகளையே பிள்ளைகளைத் தூக்கி ஏற்றச் சொன்னார் மாரிமுத்து.

மற்ற எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். மாரிமுத்துவின் தங்கச்சி மகள் ஒருத்தி, ஏழு வயசு, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், அவள் மட்டும் பிழைக்கவில்லை.

விசாரணையில் அக்கா கடதாசியை எடுத்து வைத்தார். ஐயா வந்து நின்று நாலாவது நிபந்தனையை இங்கிலீசில் எடுத்துச் சொன்னார். அண்டா யாருடையது என்று கேட்டார்கள். நான் கொண்டுவந்ததுதான் என்று மாரிமுத்து சொன்னார். கடதாசியில் இருப்பது உங்கள் விரலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். யாரும் அக்காவிடம், நீங்கள் அண்டாவைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அக்காவை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். மாரிமுத்துவை மறியலில் போட்டார்கள். சில நாளில் வெளியே வந்தாலும், தோட்டத்துத் துரை அவருக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நிறுத்திக் கையில் கொடுக்கும் சீட்டு. அது கிடைத்தால் லயத்துக் காம்பிராவையும் காலி செய்யவேண்டும். என்ன குற்றத்துக்காக நிறுத்தினோம் என்று அதில் எழுதியிருந்தால் வேறு தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். மாரிமுத்துவின் சீட்டில் எழுதியிருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா ஆபீசுக்கு வந்தார். கோட்டுப் போட்டிருக்கவில்லை. நனைந்திருந்தார்.

"அந்தக் கடதாசிய வாசிங்க தம்பி."

வாசித்தேன். நாலாவதை மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் ஒரு தரம்.

"இதுல நான் பாத்தேன்னு எங்க இருக்கு?"

"அது இதுல வராதுங்க்கா."

"அப்ப எம் புருசன மறியல்ல போட வச்சவனும் இந்த மாதிரிதான பாத்துக்கிட்டுச் சும்மா இருந்திருப்பான்? நான் இத்தன வருசமா அவன வையிறேன்."

அவர் ஐயாவின் அறைக்குள் போனார். துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார், அண்டாவைப் பார்த்தும் சொல்லாமல் சமைத்தது நான்தான், மாரிமுத்து அறியாதவர் என்று. ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அம்மா, ஒங்கள வெளியில கொண்டாந்து விட்டவன் நான். நீங்களே போயி கழுத்த நீட்டுறதுக்கு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். மாரிமுத்து ஒங்களுக்கு யாரு?"

"யாருமில்லீங்க."

"அப்ப வீட்டுக்குப் போங்க."

அக்கா போகவில்லை. வாசலில் நின்றார். நான் சாப்பிடக் கிளம்பியபோது கூடவே வந்தார். ஸ்டேசன் பாதையில் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்தோம். கடதாசியும் பேனாவும் என்னிடம் இருந்தன.

"எழுதுங்க தம்பி. நான் சொல்லச் சொல்ல."

எழுதினேன். "அண்டாவுல ஈயம் போயிருந்தத நான் பாத்தேன்" என்றார். "பாத்துக்கிட்டே அடுப்பு மூட்டச் சொன்னேன். வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த சொல்லல." தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "கிளாக்கர் தம்பியும் பக்கத்துல இருந்து பாத்தாரு."

என் கை நின்றது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரி முழுகாமல் இருந்தாள். ஐயா காதுக்குப் போனால் வேலை போகும், போலீசுக்குப் போனால் இன்னும் என்னென்ன போகுமோ. இதையெல்லாம் அப்போது வரிசையாக நினைத்தேனா, பிறகு நினைத்துச் சேர்த்துக்கொண்டேனா, தெரியாது. பேனா நகரவில்லை என்பது மட்டும் தெரியும்.

"வாசிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று வரியையும் வாசித்தேன். மூன்று விரல் மடங்கியது. நாலாவது விரல் நிமிர்ந்தே நின்றது. அவர் கண்ணைத் திறந்து அந்த விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க்கா."

அந்த விரலைத் தானே மடக்கிக்கொண்டு, மையைக் கேட்டார்.

கடிதம் துரைக்குப் போனது. துரை அதைப் போலீசுக்கு அனுப்பினார். அக்காவைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். ஐயா அவருக்காக நிற்கவில்லை, வேறு யாரும் பேசவில்லை, அக்கா தண்டம் கட்டிவிட்டு வந்தார். மாரிமுத்துவுக்கு வேறு சீட்டு எழுதிக்கொடுத்தார்கள், குற்றம் எதுவும் குறிக்காமல். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஐயா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கடுதாசியோட கையெழுத்து யாருதுன்னு கோர்ட்டுல பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "நல்லவேள, ஒன் பேரு அதுல இல்ல. புத்திசாலி" என்று சொல்லிவிட்டுப் பைலை எடுத்துக்கொண்டார்.

அக்காவை அதற்குப் பிறகு யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை. பாத்திரங்களை விற்றுவிட்டு, ஒரு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம், அங்கே பால் காய்ச்சும் வேலைக்குப் போனார். ஒரு தடவை டவுனில் எதிரே வந்தார். நான் எதிர்ப்பக்கக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். சில வருசத்தில் செத்துப்போனார் என்று யாரோ சொன்னார்கள். எந்த மாசம் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில், இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று தோட்டம் தோட்டமாகப் பிரஜாவுரிமை மனு எழுதிக்கொண்டிருந்த காலம். நானும் பூண்டுலோயாவில் ஒரு கடை வாசலில் மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரிமுத்து. தலை முழுக்க நரைத்திருந்தது.

"கிளாக்கரய்யா" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதுன கடுதாசியாலதான் எனக்கு வேல கெடச்சிச்சு. ஒங்கள மறக்க மாட்டேங்கய்யா."

உட்காரச் சொன்னேன். பேர், ஊர், வந்த வருசம் எல்லாம் கேட்டு எழுதினேன். நடுவில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாத்துக்கிட்டே இருந்திருக்கு அந்தம்மா" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் மானம் போனாலும் போவுதுன்னு வேற அண்டா கொண்டாந்திருப்பேன். எந் தங்கச்சி இன்னும் அதச் சொல்லித்தான் அழுவுறா. செத்துப்போச்சுன்னாங்க. செத்தும் எனக்கு மனசு ஆறல."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"நீங்களும் அன்னிக்கு வந்திருந்தீங்கல்ல? அந்தக் கலவரத்துல ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கேக்கக்கூட இல்ல நானு."

"நான் முத பந்திலயே சாப்பிட்டுட்டேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சுங்கய்யா" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

மனுவை எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பி, வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்கய்யா" என்றார் மாரிமுத்து. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."